உள்ளே எத்தனை பேர்?

ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர் இரயிலில் வந்து வேப்பம்பட்டில் இறங்குவோருள், ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர் பலரை இன்றும் காணலாம். பணிக்காலத்தில் மனை வாங்கி, கடன்பட்டு வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இப்போது பேரப்பிள்ளைகளோடு நாள்களைக் கழிப்பவர்கள். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பெரியவர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் டாங்கிகளின் உடற்கூட்டுத் தகடுகளைப் பற்றவைத்த வெல்டர் அவர். உடற்கூடு என்ற சொல் என்னுடையது. அவர் ‘ஹல்’ என்றுதான் சொல்வார். மேலே சுழல்வது ‘டரட்’; கீழே ஆட்களையும் எந்திரத்தையும் சுமப்பது ‘ஹல்’.

கடந்த கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல், செய்தித்தாளைத் திருப்பித் தரச் சென்றபோது, அவருடைய பேரன் கணினித் திரையின்முன் அமர்ந்து விண்கலங்களை வடிவமைத்துக் கொண்டிருந்தான். ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ என்னும் ஆட்டம். 1993இல் வெளிவந்தது. தன் தந்தை கல்லூரி நாள்களில் ஆடியதைத் தேடிப் பிடித்து இவனும் ஆடுகிறான். விண்மீன்களுக்கிடையே ஒரு பேரரசை நடத்த வேண்டும். அதற்குக் கப்பற்படை வேண்டும். அதற்கு முதலில் ஒரு கூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறியது, நடுத்தரமானது, பெரியது, மிகப் பெரியது என நான்கு கூடுகள். தொடக்க நிலையில் அவை தாங்கக்கூடிய அடிகள் முறையே 3, 18, 100, 600. கூட்டுக்குள் இருக்கும் இடம் வரையறைக்குட்பட்டது. கவசத்தைத் தடிப்பாக்கினால் ஆயுதத்துக்கு இடம் குறையும். விசையைக் கூட்டினால் கேடயத்துக்கு இடம் இராது. பையன் ஒரு தேர்ந்த கணக்கரைப்போல ஒவ்வொன்றாகக் கூட்டியும் கழித்தும் பார்த்தான்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “உள்ள எத்தன பேருடா?”

பையன் திரையை மேலும் கீழும் தேடினான். கவசம் இருந்தது, விசைப்பொறி இருந்தது, விலை இருந்தது. “அதெல்லாம் இதுல இல்ல தாத்தா. இது கப்பல் மட்டுந்தான்” என்றான்.

“ஆள் இல்லாம எதுக்குடா கவசம்?” என்றார் பெரியவர்.

பையனிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது என்னிடமும் உடனடியாக விடை இல்லை. அந்த வினாவைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஆட்டத்துக்காகப் பேசிவிடுகிறேன். ஏனெனில் இத்தகைய பேச்சு எழுந்தவுடன், கணினி விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று நம்மில் பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். திருச்சபையின் சிந்தனை மரபு அத்தனை அவசரப்படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில், விளையாட்டு அறத்துக்கு உட்பட்டதா என்ற வினாவையே எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் ஆன்மாவுக்கும் ஓய்வு தேவை; அது விளையாட்டில் கிடைக்கிறது என்பது அவர் முடிவு. இதற்கு நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய ஒரு பழங்கதையையும் சான்று காட்டுகிறார். சீடர்களோடு விளையாடிக் கொண்டிருந்த யோவானைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் வில் ஏந்திய ஒருவரை அம்பெய்யச் சொன்னாராம் யோவான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்க, வில் முறிந்துவிடும் என்று விடை வந்ததாம். அளவுக்கு மீறிய விளையாட்டைக் கண்டிக்கும் தாமஸ், விளையாட்டே அறியாத கடுமுகத்தையும் குறையென்றே சொல்கிறார். இந்த இரண்டாம் பகுதியை நம் மறையுரைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

மேலும், ஆளை எண்ணாமல் ஆடுவது புதிதும் அன்று. நம் ஊர்களில் திண்ணையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடினோம். வெட்டுப்பட்ட ஆட்டுக்காக எந்தக் குழந்தை அழுதது? ஆடு ஒரு புளியங்கொட்டை. புலி ஒரு கூழாங்கல். சதுரங்கத்தில் காலாட்களைப் பலி கொடுத்து அரசனைக் காப்பது தேர்ந்த ஆட்டம் எனப் போற்றப்படுகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது தமிழகமே பெருமைப்பட்டது, வெட்டுப்பட்ட காலாட்களை எவரும் எண்ணவில்லை, எண்ணியிருக்கவும் வேண்டியதில்லை. ஆட்டம் என்பதே உலகிலிருந்து சிலவற்றை எடுத்துவிட்டு எஞ்சியதைக் கட்டத்துக்குள் வைப்பதுதான்.

ஆயினும் ஒரு வேறுபாடு என்னை உறுத்தியது. ஆடுபுலி ஆட்டத்தில் நாம் ஆட்டைச் செய்வதில்லை; அதன் தோல் எவ்வளவு தடிப்பாக இருக்கலாம் என்று செலவுக் கணக்குப் போடுவதில்லை. இங்கே இன்பமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இவ்வாட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரே நேரத்தில் ஆறு வடிவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. ஏழாவதாக ஒன்று வேண்டுமெனில், பழைய வடிவம் ஒன்றை நீக்க வேண்டும். நீக்கினால் அவ்வடிவத்தில் கட்டப்பட்ட கலங்கள் அத்தனையும் அக்கணமே இல்லாமற் போகும். எங்கள் கண்முன்னேயே பையன் அப்படி ஒரு பொத்தானை அழுத்தினான். போர் இல்லை, பகை இல்லை, வெடி இல்லை. பட்டியலில் இடம் வேண்டியிருந்தது. ஒரு வரி போயிற்று. அதைப் பார்த்த பெரியவர் முகத்தில் தோன்றிய திகைப்பை என்னால் மறக்க முடியவில்லை.

கூடு என்ற சொல்லையே சற்று நின்று பார்ப்போம். கல்லுக்கு உள் என்று ஒன்று இல்லை. உடைத்தால் இரண்டு கற்கள், அவ்வளவே. கூட்டுக்கு உள் உண்டு. உள்ளே இருப்பதற்காகவே வெளியே இருப்பது கூடு. பறவையின் கூடு, தேன்கூடு, நத்தையின் கூடு, எல்லாம் அப்படியே. நம் மொழி மனித உடலையும் கூடு என்று சொல்லிப் பழகியது. இறந்தவரைக் கூட்டை விட்டுப் போனவர் என்கிறோம். இப்படிச் சொல்லும்போது நம்மையறியாமல் ஒரு பழைய தத்துவச் சிக்கலுக்குள் நுழைந்துவிடுகிறோம். கப்பலுக்குள் மாலுமி இருப்பதுபோல் உடலுக்குள் ஆன்மா இருக்கிறது என்ற எண்ணத்தைப் பிளேட்டோவின் பெயரால் எடுத்துக் கூறி, அதை மறுத்தவர் இதே தாமஸ் அக்குவினாஸ். மனிதன் என்பவன் கப்பலை ஓட்டும் மாலுமி அல்லன். ஆன்மாவும் உடலும் சேர்ந்த ஒரே பொருள் அவன் என்பது அவர் நிலை. உடலின் உயிர்ப்பை விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் நாம் வேறெதையும் சொல்ல இயலாது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த்து, உடலையும் மனத்தையும் இரண்டாகப் பிரித்தவர் என்று பெயர் பெற்றவர்கூட, இந்த இடத்தில் தயங்கினார். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். என் உடலில் காயம் பட்டாலோ எனக்கு வலிக்கிறது. ஆகவே நான் வெறும் மாலுமி அல்லேன் என்பது அவர் காட்டிய வேறுபாடு.

அந்தத் திரைமுன் அமர்ந்த பையனின் நிலை சரியாக அந்த மாலுமியின் நிலை. 600 இருந்தது 240 ஆயிற்று என்று அவன் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். வலி எங்கும் இல்லை. ஆட்டத்தில் வலி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மெய்யான கூடுகளைச் செய்வோரும் அவற்றைப் பற்றி முடிவெடுப்போரும் இதே நாற்காலியில்தானே அமர்ந்திருக்கிறார்கள்? அவர்கள் முன்னும் எண்கள்தானே இருக்கின்றன?

இதற்கு விடை தேட வெகுதொலைவு போக வேண்டாம், ஆவடிக்கே போகலாம். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. 1971 போரில் அவ்வண்டிகள் களம் கண்டன. பிறகு இரஷ்ய வடிவமான டி-72 அங்கே கட்டப்பட்டது. ஆவடியிலேயே உள்ள ஆய்வு நிறுவனம் வடிவமைத்த ‘அர்ஜுன்’ பின்னர் வந்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், பையனின் கணக்கு இரும்பில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். டி-72இன் எடை ஏறத்தாழ 41 டன். தாழ்ந்த உடல், மூன்றே ஆட்கள். குண்டு நிரப்பும் நான்காம் ஆளுக்குப் பதில் எந்திரம். அந்த எந்திரத்துக்கான குண்டுகள் ஆட்களின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கூட்டைத் துளைத்து உள்ளே ஒன்று வந்துவிட்டால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கலாம். 2022 முதல் உக்ரைன் போர்க்களப் படங்களில் டரட் தனியே தூக்கி எறியப்பட்டுக் கிடக்கும் வண்டிகளை உலகம் பார்த்தது. அர்ஜுனில் நான்கு பேர். குண்டுகளை ஆட்களிடமிருந்து பிரித்து வைக்க முயன்ற வடிவம் அது. அதன் முதல் வகை 58 டன்னைத் தாண்டியது; 2021இல் சென்னையில் பிரதமர் படைத்தலைவரிடம் ஒப்படைத்த மேம்பட்ட வகை ஏறத்தாழ 68 டன். இவ்வளவு கனம் பாலம் தாங்குமா, இரயில் ஏற்றுமா என்று பல ஆண்டுகள் குறை சொல்லப்பட்டது. குறை பொய்யன்று, பாலம் தாங்காத டாங்கியால் எவரையும் காக்க முடியாது. ஆனால் அந்தக் கூடுதல் டன்களில் ஒரு பங்கு, உள்ளே இருப்பவன் சாகக்கூடாது என்பதற்காக ஏற்றப்பட்ட இரும்பு. ஓர் உயிருக்கு எத்தனை டன் தரலாம்? எவரோ ஒருவர் ஓர் அறையில் அமர்ந்து இதற்கு ஓர் எண்ணை எழுதித்தான் ஆகவேண்டும். எண்ணே கூடாது என்று சொல்வது பக்திபோல் தோன்றும். அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது.

பெரியவரிடம் இதைப் பேசியபோது அவர் வேறோர் இடத்தைத் தொட்டார். “ஹல்லு உள்ள இருக்கறவனுக்கு, பீரங்கி வெளிய இருக்கறவனுக்கு. நான் ஹல்லு வேலதான் பாத்தேன்னு ரொம்ப வருசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் சார்” என்றார். அதாவது, தாம் காத்தார், கொல்லவில்லை. ஆனால் கூடு இல்லாமல் பீரங்கி களத்துக்குப் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒருநாள் இதை ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னாராம். குருவானவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் பற்றவைத்த இடம் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னாராம். பாதி ஆறுதலோடு வந்ததாகப் பெரியவர் சொன்னார்.

அந்தப் பாதி சரியான அளவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறர் செயலுக்கு நாம் துணைநிற்பதை நம் அறநெறி இறையியல் இரண்டாகப் பிரிக்கிறது. தீய நோக்கத்தையே நாமும் ஏற்றுத் துணைநிற்பது ஒன்று. நோக்கத்தை ஏற்காமல், நம் வேலை அச்செயலுக்குப் பயன்பட்டுவிடுவது மற்றொன்று. முன்னது எந்நிலையிலும் குற்றம். பின்னதை, தகுந்த காரணம் உண்டா, எவ்வளவு நெருங்கிய துணை என்று எடைபோட வேண்டும். டாங்கி செய்வது தன்னளவில் தீமை என்று திருச்சபை சொல்லவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில், நாட்டுக்காகப் படைப்பணி புரிவோர் முறையாக அப்பணியை ஆற்றினால் அமைதிக்கே உதவுகிறார்கள் என்று ஏற்றது. அதே ஏடுதான் படைக்கலப் போட்டியை ஏழைகளைத் தாளமுடியாத அளவு வருத்தும் கண்ணி என்றும் கண்டித்தது. இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்திருப்பது தடுமாற்றமன்று. வேப்பம்பட்டிலிருந்து நாள்தோறும் ஆவடிக்கு வேலைக்குப் போய் வந்த கத்தோலிக்கர் பலரின் வாழ்க்கை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது. அவர்கள் ஊதியத்தில் எழுந்த வீடுகளும் படித்த பிள்ளைகளும், நம் ஆலயங்களின் பங்களிப்பு நோட்டுகளில் உள்ள தொகைகளும் அங்கிருந்தே வந்தன. நம்மில் எவரும் வெளியே நின்று தீர்ப்பிட முடியாது. பெரியவர் இன்னொன்றும் சொன்னார். எங்கோ ஒரு டாங்கி அடிபட்ட செய்தி படித்தால், எந்த நாட்டு வண்டியானாலும், தம் வயிற்றில் ஏதோ பட்டதுபோல் இருக்குமாம். தெக்கார்த்தின் மாலுமிக்கு இல்லாத வலி இது. கூட்டுக்குள் குனிந்து அமர்ந்து, வேர்த்துக்கொட்டப் பற்றவைத்தவனுக்கு அது கிடைத்திருக்கிறது.

இந்த வலி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு, மெய்யான ஒரு விண்கலத்தின் கதையே இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. அதில் ஏழு பேர். அவர்களுள் ஒருவர் அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. கிளம்பி ஏறத்தாழ 82 நொடியில், வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை முக்கால் கிலோ அளவுதான். படச்சுருளில் மோதலைக் கண்ட பொறியாளர் சிலர், வானிலுள்ள கலத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். கேட்டது ஒருமுறை அன்று. ஆனால் ஒன்றும் நிறைவேறவில்லை. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து மோதியிருந்தது. அவை பத்திரமாகத் திரும்பியிருந்தன. ஆகவே அது உயிர் பற்றிய செய்தி என்ற நிலையிலிருந்து இறங்கி, திரும்பி வந்தபின் பழுதுபார்க்க வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. மோதல் நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று கலத்தின் தலைவருக்கு மின்னஞ்சலும் போயிற்று. பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துக்குள் திரும்புகையில் இறக்கையின் துளை வழியே கடுவெப்பம் புகுந்து, டெக்சாஸ் வான்மீது கலம் சிதறியது. எழுவரும் மாண்டனர். பின்னர் நடந்த சோதனை ஒன்றில், அதே போன்ற நுரைத்துண்டை அதே போன்ற விளிம்பின்மீது எறிந்தபோது ஏறத்தாழ 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. ஆய்வுக்குழு 2003 ஆகஸ்டில் தந்த அறிக்கை, நுரைக்கு நிகரான காரணமாக அந்நிறுவனத்தின் நடைமுறைப் பழக்கங்களையும் குறித்தது.

அம்முடிவுகளை எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்த எழுவரையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அறிந்திருக்கக்கூடும். கூட்டைப் பற்றிப் பேசிய நேரத்தில் மட்டும் உள்ளே இருப்பவர்கள் அவர்கள் நினைவின் வேறோர் அறையில் இருந்தார்கள். அவ்வளவுதான் தவறு, அது போதுமானதாக இருந்தது. கணினி ஆட்டம் ஆடித்தான் அவர்கள் இப்படி ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். நேர்மாறாகத்தான் நினைக்கிறேன்: மனிதனுக்கு இயல்பாகவே வரும் ஒரு மறதியை அந்த ஆட்டம் நேர்மையாகத் திரையில் காட்டுகிறது.

மறவாமையும் இயலும் என்பதற்கு வேப்பம்பட்டுக்கு வடக்கே, வங்கக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு சான்று கிடைத்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்தில் 2023 அக்டோபர் 21 அன்று ஒரு சோதனை நடந்தது. ஆளில்லாத கூடு ஒன்றை ஏவி, நடுவழியில் ஆபத்து நேர்ந்ததுபோல் பாவித்து, அதை ராக்கெட்டிலிருந்து பிரித்து, பாராசூட்டில் கடலில் இறக்கினார்கள். கடற்படை மீட்டு வந்தது. அடைய வேண்டிய உயரத்தைச் சோதிக்குமுன், தப்பிக்கும் வழியைச் சோதித்தார்கள். அத்திட்டத்துக்குத் தேர்வாகி 2024இல் பெயர் அறிவிக்கப்பட்ட நால்வருள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

கூட்டைப் பற்றி இன்னொரு செய்தி பையனுக்காகச் சேர்க்கிறேன். ஆட்டத்தில் தடிப்புதான் வலிமை. மெய்யான விண்ணில் அப்படி இல்லை. நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தின் சுவர் சில இடங்களில் 0.3 மி.மீ. அளவே இருந்தது, நம் சமையலறைக் குவளையின் தகடு அதைவிடத் தடித்தது எனலாம். 1947இல் வானியலாளர் ஃபிரெட் விப்பிள் ஒரு வழி சொன்னார். கலத்தின் கூட்டுக்குச் சற்று முன்னால், இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய தகட்டை நிறுத்த வேண்டும். பேரளவு விசையோடு வரும் துகள் அத்தகட்டில் மோதியவுடன் தானே நொறுங்கித் தூளாகும். அத்தூள் இடைவெளியில் விரிந்து பரவி, உள்கூட்டை வலுவிழந்தே எட்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மனிதர் வாழும் கூடங்களை இந்த முறைதான் காக்கிறது. முதலில் அடிபட்டுக் கிழிவதற்கென்றே ஒன்று முன்னால் நிற்கிறது. இதிலிருந்து உவமை எடுக்கும் ஆசை எழுகிறது. மறையுரை ஆற்றுவோருக்கு அதை விட்டுவிடுகிறேன்.

நம் மறைநூலில் அளவுகளோடு வரும் முதல் கூடு நோவாவின் பேழை. முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம், மூன்று தளங்கள், உள்ளும் புறமும் கீல் பூச்சு. ஒரு வடிவமைப்பாளனுக்குக் கொடுக்கும் குறிப்பைப்போல் இருக்கிறது அப்பகுதி. ஆனால் அதில் பாய் இல்லை, துடுப்பு இல்லை, சுக்கான் இல்லை; படைக்கலம் ஒன்றும் இல்லை. விசையைப் பற்றிய பேச்சே இல்லாத கப்பல் அது. அளவுகள் முடிந்ததும் உள்ளே போவோரின் பட்டியல் தொடங்கிவிடுகிறது: நோவா, மனைவி, மூன்று புதல்வர், மருமக்கள், பிறகு விலங்குகள் இணை இணையாக, அவற்றுக்கான தீனியும் சேர்த்து. எண்மருக்கும் எண்ணற்ற உயிர்களுக்குமாக அளந்த கூடு. தொடக்கநூலின் அப்பகுதியைச் சிறுவயதில் கதையாகக் கேட்டபோது அந்தத் தீனி பற்றிய குறிப்பு என் மனத்தில் பதிந்ததே இல்லை. இப்போது அதுதான் பதிகிறது.

விடுமுறை முடியும் நாளில் பையனைத் தெருவில் பார்த்தேன். ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டேன். வென்றுவிட்டானாம், மிகப் பெரிய கூடுகளாகவே கட்டினானாம். “தாத்தா டெய்லி வந்து எத்தன பேரு, எத்தன பேருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு அங்கிள். ஒருநாள் ஆயிரம் பேருன்னு சொல்லிட்டேன்” என்றான்.

“அப்புறம் விட்டுட்டாரா?”

“எங்க? ஆயிரம் பேருக்குச் சமைக்கிறது யாருன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நாப்பது பேரு சமையலுக்குன்னு சொன்னேன். பத்தாதுன்னாரு.”